மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது

அம்மா இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "தெய்வம் மாதிரி இருந்தாங்க" என்றார்கள். மீதிப் பேர் "என்ன ஒரு சேவை மனசு" என்றார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல மனசுள்ளவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் படுத்த படுக்கையாக இருக்கும் ஆளை வலிக்காமல் புரட்டத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கும் மேல் வார்டில் நின்று பழகிய கை அது. மனசை மட்டும் புகழ்ந்துவிட்டு அந்தக் கையை மறந்துவிட்டால், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

அதனால் அவர் செய்ததையும், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் எழுதுகிறேன். வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் சில விஷயங்கள் உடனே உதவலாம். உங்கள் டாக்டரும் நர்ஸும் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அம்மா உயிரோடு இருந்தால் இந்த வரியை முதலில் போடச் சொல்லியிருப்பார்.

எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் உடனே நெற்றியில் கை வைக்க மாட்டார். கதவருகில் நின்று கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். எப்படிப் படுத்திருக்கிறோம், உதடு காய்ந்திருக்கிறதா, கண்ணில் தெளிவு இருக்கிறதா என்று. அப்புறம் வந்து மணிக்கட்டைப் பிடிப்பார். நாடித் துடிப்பை எண்ணி முடித்த பிறகும் கையை விட மாட்டார். அது ஏன் என்று நாங்கள் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் எங்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் தன்னையறியாமல் அதை மாற்றிவிடுவார்கள். எனவே நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. "பிரஷர் இறங்கறதுக்கு முன்னாடியே மூச்சு சொல்லிடும். ஆனா அவசரத்துல எல்லாரும் விட்டுட்டுப் போறதும் இதைத்தான்" என்பார். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி அவருக்குப் பிடிக்காது. மூச்சின் ஒழுங்கு குலைகிறதா என்பதுதான் முக்கியம், அது பதினைந்து விநாடியில் பிடிபடாது.

எண்ணியதை உடனே எழுதுவார். நேரம், காய்ச்சல், நாடி, மூச்சு, எவ்வளவு குடித்தோம், சிறுநீர் போனோமா. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கம், காலண்டர் ஓரம், எது கைக்குக் கிடைக்கிறதோ அதில். "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்பது நர்ஸுகள் எல்லோருக்கும் பயிற்சியிலேயே ஊட்டப்படும் பாடம். அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மூன்று பிள்ளைகளுக்கும் எப்போது என்ன காய்ச்சல் வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் ஒரே நோட்டில் இருந்தது. தம்பிக்குப் பெரியவனான பிறகு ஓர் அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் அலர்ஜி பற்றிக் கேட்டபோது, பதில் அந்த நோட்டில்தான் கிடைத்தது.

மே 12-ஆம் தேதி செவிலியர் தினம் வந்தால் அவருக்குக் கொஞ்சம் எரிச்சலும் வரும். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. 1820-இல் பிறந்தவர். எல்லாப் படத்திலும் கையில் விளக்கு. கிரிமியப் போர் நடந்த 1854-இல் 38 பெண்களோடு துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன நைட்டிங்கேல், இரவில் விளக்கோடு நடந்தது உண்மைதான். ஆனால் போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் உட்கார்ந்து செய்தது கணக்கு. காயத்தால் செத்த சிப்பாய்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் செத்தவர்கள்தான் மிக அதிகம் என்பதை, வட்டமாக விரியும் ஒரு வரைபடத்தில் போட்டு 1858-இல் காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண்ணும் அவர்தான். "விளக்கை எடுத்துட்டு கையில ஒரு நோட்டைக் கொடுத்து வரைஞ்சிருக்கணும். விளக்கு யார் வேணா பிடிக்கலாம்" என்பது அம்மாவின் குறை.

கை கழுவும் கதை தனி. மற்ற பிள்ளைகளுக்கு ராஜா ராணி கதை என்றால் எங்களுக்கு செம்மல்வைஸ் என்ற டாக்டரின் கதை. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றை டாக்டர்களும் மாணவர்களும் பார்த்துக்கொண்டார்கள், இன்னொன்றை மருத்துவச்சிகள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்களின் சாவு குறைவு. காரணம், பிணப் பரிசோதனை முடித்த கையோடு நேராகப் பிரசவம் பார்க்க வந்தவர்கள் டாக்டர்களும் மாணவர்களும்தான். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ், சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் அவர் சொன்னதைப் பல பெரிய டாக்டர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 1865-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். தூங்கப் போகும் குழந்தைக்குச் சொல்கிற கதையா இது என்று அப்பா கேட்பார். ஆனால் சாப்பிடும் முன் கை கழுவு என்று எங்களிடம் யாரும் இரண்டு தடவை சொன்னதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டுதலில் ஐந்து தருணங்கள் உண்டு: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தம் மலம் சிறுநீர் போன்றவை பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றி இருக்கும் பொருட்களைத் தொட்ட பின். வீட்டில் எல்லோரும் மறப்பது கடைசியைத்தான். கட்டில் கம்பி, போர்வை, டி.வி. ரிமோட். சோப்பு போட்டுக் கழுவினால் மொத்தமாக 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த கைதேய்ப்பான் என்றால் 20 முதல் 30 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் விட்டுப்போகும் இடங்கள்.

குடும்பம் என்று வந்தால், ஷிப்டில் வேலை செய்யும் ஒருவரோடு வாழ்வது எப்படி என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. காலை டூட்டி, மாலை டூட்டி, நைட் டூட்டி என்று மாறி மாறி வரும். மாதத்தின் முதல் வேலை, டூட்டி சார்ட்டை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவது. எந்தப் பிறந்த நாளும் அதே தேதியில்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவுக்கு எந்த நாள் லீவோ அந்த நாள்தான் பிறந்த நாள். பள்ளி விழாக்களுக்கு அப்பாதான் வருவார். அம்மா வராததில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று இப்போது நல்ல பிள்ளையாக எழுத மாட்டேன். அக்காவுக்கு இன்னும் இருக்கிறது.

நைட் டூட்டி முடிந்து வந்தால் முதல் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. குளிப்பார், திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்குவார், தூங்குவார். அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றியது அப்பா. அழைப்பு மணியின் ஒயரையே கழற்றி வைத்த நாட்கள் உண்டு. இரவு விழித்து வேலை செய்வதை, மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் சேர்த்தது, 2019-இல் அதையே மறுபடி உறுதிப்படுத்தியது. அதெல்லாம் தெரிவதற்கு முன்பே அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: நைட் டூட்டி முடிந்து அம்மா தானாக வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. அவரே போய் அழைத்து வருவார். வீட்டில் இரவு வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குக் கொஞ்சமும் குறைந்த ஆபத்தில்லை.

மாலை டூட்டிக்கு அம்மா கிளம்பும்போது அப்பா உள்ளே வருவார். வாசலிலேயே இருவருக்கும், வார்டில் டூட்டி மாறும்போது நடக்கிற மாதிரி, ஒரு சின்ன ஹேண்ட்ஓவர் நடக்கும். "பெரியவளுக்கு நாளைக்குப் பரீட்சை, சின்னவன் மதியத்துலேர்ந்து சரியா சாப்பிடலை, ஜுரம் இல்லை, ஒன்பது மணிக்கு ஒருவாட்டி பாருங்க." அவ்வளவுதான். குறை சொல்லலோ விளக்கமோ அதில் இருக்காது. என்ன நடந்தது, எப்படி இருக்கிறது, அடுத்து என்ன பார்க்க வேண்டும், முடிந்தது. கணவன் மனைவி சண்டைகளில் பாதி, யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தானே வருகிறது. அந்தப் பாதி எங்கள் வீட்டில் இல்லை. மீதிப் பாதி தாராளமாக இருந்தது.

வார்டில் நடந்ததைச் சில சமயம் சொல்வார். ஆனால் பெயர், ஊர், அடையாளம் எதுவும் வராது. "ஒரு தாத்தா", "ஒரு பொண்ணு", அவ்வளவே. எங்கள் தெருக்காரர் யாராவது அவருடைய வார்டில் இருந்து வீடு திரும்பியிருந்தால் அது எங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தான் தெரியும். ஒரு குழந்தை இறந்த நாள் என்றால் மட்டும் வீட்டுக்கே தெரிந்துவிடும். பேச மாட்டார். அலமாரியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி அடுக்குவார். அன்றைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்துக் கொடுப்பார், அவரும் ஒன்றும் பேச மாட்டார்.

அக்கம்பக்கத்தில் "ஒரு ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்" என்று வருவார்கள். டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் போட மாட்டார். திமிர் பிடித்தவர் என்று பேர் வாங்கியதும் உண்டு. ஒத்துக்கொள்ளாத ஊசி ஒருவருக்கு என்ன செய்யும் என்று நேரில் பார்த்தவருக்கு அந்தப் பேர் பெரிதாகப் படவில்லை.

இனி அவர் நோயாளியான காலத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்றானதும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அப்பாவும் முறை வைத்துக்கொண்டோம். அம்மா எங்களுக்குப் போட்ட முதல் உத்தரவு: "ஒரு நோட்டு வாங்கு. யார் டூட்டியோ அவங்க எழுதணும்."

உலகத்திலேயே கஷ்டமான நோயாளி நர்ஸ்தான். படுக்கை விரிப்பின் மூலை சரியாக மடிக்கப்படவில்லை என்றால் தம்பியைத் திரும்ப மடிக்கச் சொல்வார். அது அவருடைய அதிகாரம் என்று முதலில் நினைத்தோம். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட மெலிந்த உடம்பில் அது தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்பதுதான் விஷயம். படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவதைவிட வராமல் தடுப்பது எத்தனையோ மடங்கு சுலபம். பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகின் அடியில் இருக்கும் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை எலும்பு, பின்னந்தலை, காது மடல். தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் அங்கே ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்கவே இல்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடும் வீக்கமும் கெட்டித்தன்மையும்தான் அறிகுறி. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம், அது ஓரங்களில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதில் தொடங்கி, தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாக வைப்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது. குதிகாலுக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் தானாகக் காற்றில் நிற்கும்.

புரட்டும் முறையில் அவருக்கு ஒரு தனி அக்கறை, ஏனென்றால் நர்ஸ் வேலை அவருடைய முதுகைத் தின்றிருந்தது. அவருடன் படித்தவர்களில் முதுகு வலி இல்லாதவர் குறைவு. நோயாளியை இழுக்காதே, தோல் உரியும். அடியில் குறுக்காக ஒரு கெட்டி விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லி நகர்த்த வேண்டும். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு உயர்த்த முடிந்தால் உயர்த்து. முழங்காலை மடி, முதுகை வளைக்காதே. எல்லாவற்றுக்கும் முன்னால், என்ன செய்யப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். அவர் மயக்கத்தில் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

முதுகைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரை அடிக்கடி சொல்வார்: சிசிலி சாண்டர்ஸ். நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியிலேயே நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகு ஒத்துழைக்காததால் அந்த வேலையை விட்டுவிட்டு, மருத்துவமனையில் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து 1957-இல் டாக்டரானார். 1967-இல் லண்டனில், குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். இறக்கப் போகிறவர்களின் வலியைக் கவனிக்கும் இன்றைய மருத்துவத்துக்கு அது ஒரு தொடக்கம். வலி வந்து துடித்துக் கேட்ட பிறகு மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு, வலி திரும்பும் முன்பே குறித்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர் அவர்.

இது எங்களுக்கு நேரடியாக உதவியது. மார்ஃபின் என்றதும் அப்பா பயந்துவிட்டார், பழக்கமாகிவிடுமோ, அதுவே சீக்கிரம் கொண்டுபோய்விடுமோ என்று. டாக்டர் விளக்கியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. அம்மாதான் ஆள்காட்டி விரலை நீட்டி, "நேரத்துக்குக் கொடுங்க, அளவுக்குக் கொடுங்க, எழுதி வைங்க. கூடவே மலமிளக்கி எங்கேன்னு கேளுங்க" என்றார். மார்ஃபின் எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். அதனால் வலி மருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கியும் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். மற்றவை அவருடைய பழைய மந்திரம்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. வழி என்பதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. விழுங்க முடியவில்லை என்றால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்போம். மெதுவாகக் கரைந்து மணிக்கணக்கில் வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். கேட்காமல் எதையும் பொடிக்கக் கூடாது.

உணவு கொடுக்கும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், அதில் மாட்டிய பிளாஸ்டிக் பை எப்போதும் வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பைக்குக் கீழ் மட்டத்தில் தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. உடம்பு துடைக்கும்போது துடைக்கிற பகுதி தவிர மற்றதை மூடியே வைக்க வேண்டும். அறைக்குள் வரும்போது கதவைத் தட்ட வேண்டும், பெற்ற பிள்ளையானாலும். இந்தக் கடைசி இரண்டில் அம்மா ரொம்பக் கறார்.

இரவில் டாக்டரைக் கூப்பிட வேண்டிவந்தால் எப்படிப் பேசுவது என்றும் பயிற்சி கொடுத்தார். பதற்றத்தில் நாம் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்போம், அவர் பாதியில் குறுக்கிடுவார், முக்கியமானது விட்டுப்போகும். நான்கு விஷயம், இதே வரிசையில்: இப்போது என்ன பிரச்சினை, இவருக்கு ஏற்கெனவே என்ன நோய் என்ன மருந்து, நாங்கள் எண்ணிப் பார்த்தது என்ன, உங்களிடம் என்ன கேட்கிறோம். இந்த நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. போனை எடுக்கும் முன் நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். தம்பி ஒரு ராத்திரி இப்படிப் பேசியதைக் கேட்டு, மறுமுனையில் இருந்த டாக்டர் "நீங்க மெடிக்கல் லைனா?" என்று கேட்டார். அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை, நாங்கள் பரீட்சையில் பாஸானபோதுகூட இருந்ததில்லை.

கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம், எல்லோரையும் உட்கார வைத்து, டூட்டி மாற்றுகிற குரலில். "நான் தூங்கிக்கிட்டே இருப்பேன். பசி இருக்காது. வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறும். பஞ்சை நனைச்சு உதட்டையும் நாக்கையும் துடைங்க, அது போதும். கை கால் சில்லுனு ஆகும். மூச்சு வேகமா வரும், அப்புறம் நிக்கும், அப்புறம் திரும்ப வரும். தொண்டையில ஒரு சத்தம் வரும், அது கேக்கறவங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க." மூச்சு ஏறி இறங்கி நின்று மீண்டும் வரும் அந்த முறைக்கு, அதை விவரித்த செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு டாக்டர்களின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. ஆனால் அந்த ராத்திரி யாரும் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவருக்கு அது வேண்டாம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, டாக்டருக்கும் தெரிந்திருந்தது, நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது.

காது கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்றும் சொல்லியிருந்தார். நர்ஸுகள் காலம் காலமாகச் சொல்வதுதான் இது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இறப்புக்குச் சில மணி நேரம் முன் எந்த அசைவும் இல்லாமல் இருந்தவர்களில் சிலரின் மூளை, ஒலிகளுக்கு ஆரோக்கியமானவர்களைப் போலவே எதிர்வினை காட்டியது தெரிந்தது. கேட்டதைப் புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. நாங்கள் பேசினோம். அப்பா அன்றைய ஹேண்ட்ஓவரைச் சொன்னார்.

அப்புறம் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள். மிச்ச மருந்துகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள், குறிப்பாக மார்ஃபினை. கொடுத்த இடத்திலேயே கேட்டு, எண்ணிக்கையோடு திருப்பிக் கொடுத்து ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த கட்டிலும் ஆக்ஸிஜனும் அந்த வாரமே போய்விட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லது. நர்ஸாகப் பதிவு செய்திருந்தவர் என்றால் அந்தப் பதிவு அலுவலகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

நினைவு நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கலாம் என்று அக்கா சொன்னார். முதல் பிரதியை அவரே எழுதினார், நன்றாகத்தான் எழுதியிருந்தார், "பொறுமையின் சிகரம்" என்று ஒரு வரி இருந்தது. அம்மாவோடு நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு சிஸ்டரிடம் படித்துக் காட்டினோம். அந்த வரி வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பொறுமையா? அவளா? ட்ரேயில ஒரு கத்திரிக்கோல் இடம் மாறி இருந்தா வார்டே நடுங்கும்." அப்புறம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். யாரும் வந்து பார்க்காத நோயாளிகளுக்கு அம்மா தன் டூட்டி முடிந்த பிறகு நகம் வெட்டிவிடுவாராம். புதிதாகச் சேர்ந்த பெண் முதல் மரணத்தைப் பார்த்த ராத்திரியில் அவளைத் தனியாக விட மாட்டாராம், கூடவே நின்று அந்த உடம்பை இருவருமாகச் சுத்தம் செய்வார்களாம், செய்யும்போது இறந்தவரிடம் பேசிக்கொண்டே செய்வாராம். அளவு தவறாக எழுதப்பட்ட மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு பெரிய டாக்டர் முன்னால் நின்றிருக்கிறார். அந்த டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டுச் சீட்டைத் திருத்தினாராம். இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவரோடு வேலை பார்த்தவர்களிடம் முதலில் போங்கள். "எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி புகழ்வார்கள். "எதற்குக் கோபப்படுவார்", "டூட்டிக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்", "உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்" என்று கேளுங்கள். வருடங்களைப் பணிப் பதிவேட்டோடு சரிபாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். நோயாளிகளைப் பற்றிய கதை வந்தால் அடையாளம் தெரியாமல் எழுதுங்கள். முடிந்தால் இதையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே, குரல் பதிவு போட்டு, அவர் வாயாலேயே கேளுங்கள்.

நாங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. பதவி உயர்வு வந்து, வார்டை விட்டு நிர்வாகத்துக்குப் போகச் சொன்னபோது அம்மா மறுத்திருக்கிறார். எங்களுக்காக மறுத்தார் என்று அப்பா நினைக்கிறார். வார்டை விட மனசில்லாமல் மறுத்தார் என்பது அக்காவின் கட்சி. பணிப் பதிவேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது, காரணம் இல்லை. அந்தக் காலத்து மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், ஒருவர் இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறாராம். போனிலேயே கேட்டுவிடலாம் என்கிறான் தம்பி. நேரில்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார், நோட்டோடு.